கூகுள் ஃபார்மில் மாணவர்களின் மகிழ்ச்சியை அளக்க முடியுமா?

தாமிரபரணி (இழையைத் தொடங்கியவர்) · செவ்வாய், இரவு 9.12

வணக்கம். எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் ப்ராஜெக்ட். கைடு கொடுத்த தலைப்பு "கல்லூரி மாணவர்களின் சமூக ஊடகப் பயன்பாடும் வாழ்க்கை நிறைவும்". எப்படிச் செய்வது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். வாழ்க்கை நிறைவுக்கு ஒரு அளவுகோல், சமூக ஊடகத்துக்கு ஒரு அளவுகோல். இரண்டையும் கூகுள் ஃபார்மில் போட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட வேண்டும். 200 பேர் நிரப்பியதும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று -1 முதல் 1 வரை காட்டும் எண், 0 என்றால் தொடர்பில்லை) போட வேண்டும். மார்ச்சில் எழுதி முடித்தால் ஏப்ரலில் வைவா.

துறை நூலகத்தில் பழைய ப்ராஜெக்டுகளைப் புரட்டினேன். அலமாரி முழுக்க இதே அச்சு. தன்மதிப்பும் தேர்வு பயமும், தனிமையும் செல்போனும், தூக்கமும் மன அழுத்தமும். ஊர் பெயரும் ஆண்டும் மாறுகின்றன. எல்லாவற்றுக்கும் கடைசிப் பக்கம் ஒன்றுதான்: குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்பட்டது, மேலும் ஆய்வு தேவை.

இப்படி நிரப்பி வாங்கும் பதில்களுக்கு உண்மையில் என்ன மதிப்பு? மாணவர்கள் சொல்வதை வைத்து அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள முடியுமா? தலைப்பை மாற்ற கைடு விடமாட்டார். செய்முறையைக் கொஞ்சம் மாற்றலாம் என்று நினைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஆரப்பாளையத்தான் · செவ்வாய், இரவு 9.31

நான் வணிகவியல் பாடம் எடுப்பவன், உளவியல் தெரியாது. ஆனால் ஃபார்ம் நிரப்புகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். "மேடம் கேட்டாங்கடா, போட்டு விடு" என்று ஒருவன் சொல்வான். பஸ்ஸில் தொங்கிக்கொண்டே இன்னொருவன் நாற்பது கேள்விக்கும் நடுவில் இருக்கும் வட்டத்தைத் தட்டிவிட்டு அனுப்புவான். ஒரே பையன் நண்பர்கள் நாலு பேருக்கும் சேர்த்து நிரப்பிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். இதை வைத்து மனதை அளந்தேன் என்று சொன்னால் என்னால் நம்ப முடியவில்லை.

---

புள்ளிக்காரன் · செவ்வாய், இரவு 10.05

சார் சொல்வது உண்மைதான், ஆனால் அது அளவுகோலின் குறை இல்லை, அதைக் கொடுக்கும் விதத்தின் குறை. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

வாழ்க்கை நிறைவு அளவுகோலை அமெரிக்க உளவியலாளர் எட் டீனரும் அவருடன் இருந்தவர்களும் 1985-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 5 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். ஆக, குறைந்தபட்சம் 5, அதிகபட்சம் 35, நடுப்புள்ளி 20. அவ்வளவு சின்னது. இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துத்தான் முதலில் சோதித்தார்கள். அதன்பிறகு உலகம் முழுக்கப் பயன்படுத்தி, ஓரளவு நிலையான பதிலைத் தருகிறது என்று பார்த்துவிட்டார்கள். நண்பர்களும் வீட்டாரும் அந்த நபரைப் பற்றிச் சொல்வதோடும் கணிசமாக ஒத்துப்போகிறது. ஆகவே தூக்கி எறிய வேண்டியதில்லை.

ஆனால் தங்கை, கேள்விகளின் வரிசையைப் பாருங்கள். 1988-ல் ஸ்ட்ராக், மார்ட்டின், ஷ்வார்ஸ் மூவரும் இல்லினாய் மாணவர்களிடம் இரண்டே கேள்விகளைக் கேட்டார்கள். ஒன்று, மொத்தத்தில் வாழ்க்கை எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது. மற்றது, போன மாதம் எத்தனை முறை காதலன் அல்லது காதலியோடு வெளியே போனீர்கள். மகிழ்ச்சிக் கேள்வி முதலில் வந்தபோது இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு -0.12, அதாவது ஒன்றுமில்லை. வெளியே போன கேள்வியை முதலில் வைத்ததும் 0.66 ஆகிவிட்டது! அதே கல்லூரி மாணவர்கள், அதே கேள்விகள். முதல் கேள்வி மனதில் எதைக் கிளப்பிவிட்டதோ, அதை வைத்தே இரண்டாவதுக்குப் பதில் சொன்னார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பின்னால் 2005-ல் ஷிம்மாக்கும் ஓயிஷியும் இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, வரிசையின் தாக்கம் பொதுவாக இவ்வளவு பெரியதாக இல்லை என்று வந்தது. 0.66 என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் வாழ்க்கை நிறைவை முதலில் கேட்டுவிடுவதற்குச் செலவு எதுவும் இல்லையே. "இன்ஸ்டாகிராம் பார்த்தபிறகு மனம் சோர்கிறதா" என்று இருபது கேள்வி கேட்டுவிட்டு, அப்புறம் "வாழ்க்கை எப்படி" என்றால் வரும் தொடர்பில் பாதி நீங்களே செய்து வைத்தது.

---

மீனாட்சி நூலகம் · செவ்வாய், இரவு 11.20

தாமிரபரணி கேட்டதில் முக்கியமான பகுதியை யாரும் தொடவில்லை. சொல்வதும் செய்வதும் ஒன்றா என்பதே கேள்வி. இதற்குக் கல்லூரி வகுப்பறையிலேயே நடந்த ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. எனக்குப் பிடித்தது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

1937. ஸ்டீபன் கோரி என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர். தன் வகுப்பு மாணவர்கள் 67 பேரிடம், தேர்வில் ஏமாற்றுவது பற்றி அவர்கள் மனப்பான்மையை ஒரு அளவுகோல் வைத்துக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார். அதன்பிறகு வாரந்தோறும் சரியா தவறா வகைத் தேர்வுகள். விடைத்தாள்களை வாங்கிக்கொண்டு போய், எந்த அடையாளமும் போடாமல், ரகசியமாகத் திருத்தி மதிப்பெண்ணைக் குறித்து வைத்துக்கொள்வார். அடுத்த வகுப்பில் அதே தாள்களைத் திருப்பிக் கொடுத்து "நீங்களே திருத்தி மதிப்பெண் போடுங்கள்" என்பார். மாணவர் போட்ட மதிப்பெண்ணுக்கும் அவர் குறித்து வைத்த மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏமாற்றின் அளவு. தராசு இதைவிடச் சுத்தமாக இருக்க முடியாது.

நேர்மையைப் பற்றி என்ன சொன்னார்கள், எவ்வளவு ஏமாற்றினார்கள் இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு 0.02. பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். யார் ஏமாற்றினார்கள் என்பதை நிர்ணயித்தது அவர்களுடைய கொள்கை இல்லை. படித்துவிட்டு வந்தார்களா இல்லையா என்பதுதான். படிக்காதவன் ஏமாற்றினான்.

இன்னொன்று இறையியல் மாணவர்களைப் பற்றியது. 1973-ல் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் டார்லியும் பேட்சனும் செய்தது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய்ச் சின்னதாக ஒரு உரை ஆற்ற வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பே நல்ல சமாரியன் கதை, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய அந்நியரைப் பற்றிய பைபிள் கதை! வழியில் ஒருவர் வாசலில் சாய்ந்து இருமிக்கொண்டு கிடக்கிறார். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பியவர்களில் 10 சதவீதம். சமாரியன் கதையைப் பேசப் போகிறவரா என்பது குறிப்பிடும்படி எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை. மொத்தம் 40 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் "எங்கள் மாணவர்களிடம் சேவை மனப்பான்மை 82 சதவீதம்" என்று யாராவது கல்லூரி ஆண்டறிக்கையில் எழுதினால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

---

ஆரப்பாளையத்தான் · புதன், காலை 6.48

அம்மா, அந்தக் கோரி ஆய்வை இன்று ஸ்டாஃப் ரூமில் சொல்லப் போகிறேன். இன்டர்னல் மார்க் போடும்போது உதவும்.

---

புள்ளிக்காரன் · புதன், காலை 8.15

மீனாட்சி மேடம் சொன்னதோடு ஒரு மறுபக்கத்தையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் "கேள்வி கேட்பதே வீண்" என்ற முடிவுக்கு நம் மாணவி போய்விடுவார்.

கோரி கேட்டது பொதுவான மனப்பான்மை. அளந்தது ஒரு குறிப்பிட்ட செயல். பொருத்தமில்லாத இரண்டை ஒட்டவைத்தால் ஒட்டாது. அஜ்ஜென், ஃபிஷ்பைன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1977-ல் இதைத்தான் வற்புறுத்தினார்கள்: எந்தச் செயலோ, எந்தக் காலத்துக்குள்ளோ, அதைப் பற்றியே கேள். 1979-ல் டேவிட்சனும் ஜாக்கார்டும் பெண்களிடம் செய்து காட்டினார்கள். கருத்தடை பற்றிப் பொதுவாக என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால், மாத்திரை பயன்படுத்துவதோடு ஒட்டுறவு 0.08. அடுத்த 2 ஆண்டுகளில் நீங்கள் மாத்திரை பயன்படுத்துவது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது 0.57.

ஆகவே தங்கை, "சமூக ஊடகம் சமுதாயத்துக்கு நல்லதா கெட்டதா" வகைக் கேள்விகளை எடுத்துவிடுங்கள். அதற்கு வருவது கட்டுரைப்போட்டிப் பதில். போன வாரம், இரவு, தூங்கும் முன், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள்.

---

நல்லூர்வாசி · புதன், முற்பகல் 11.02

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். முந்தி ஒரு கம்பஸில் உளவளத்துணை (கவுன்சலிங்) பிரிவில் வேலை செய்தேன்.

இந்த இழையில் வந்த ஆய்வுகள் எல்லாம் எங்கே நடந்தவை என்று பார்த்தீர்களா? இல்லினாய், பிரின்ஸ்டன். ஜெஃப்ரி ஆர்னெட் 2008-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முக்கியமான 6 ஆய்விதழ்களில் 2003 முதல் 2007 வரை வந்த கட்டுரைகளை எண்ணிப் பார்த்தார். ஆய்வில் பங்குபற்றியவர்களில் 68 வீதம் அமெரிக்கர், மேற்குலகை முழுதாகச் சேர்த்தால் 96 வீதம். 2010-ல் ஹென்ரிக், ஹைனே, நோரன்சயான் மூவரும் எழுதிய கட்டுரை இதைப் பெரிய சர்ச்சையாக்கியது. மேற்குலகுக்கு வெளியே இருக்கிற ஒருவரைவிட, ஒரு அமெரிக்க இளநிலை மாணவர் ஆய்வில் அகப்படுகிற வாய்ப்பு 4000 மடங்குக்கும் மேல் என்று அதில் வருகிறது. காரணம் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. பேராசிரியரின் வகுப்பிலேயே இருக்கிறார்கள், பங்குபற்றினால் பாடத்தில் புள்ளி கிடைக்கும்.

நீங்கள் செய்கிறதும் அதேதான், நாடு மட்டும் வேறு. கைக்கு எட்டுகிற மாணவர்கள்.

இன்னொரு விஷயம். எங்கள் நாட்டில் பகிடிவதைக்கு (ராகிங்) எதிராக 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் முதலாம் வருடப் பிள்ளையிடம் பட்ச் குழுவின் ஊடாக ஒரு ஃபார்ம் அனுப்பி "வளாகத்தில் சந்தோஷமாக இருக்கிறீரா" என்று கேட்டால், அந்தக் குழுவில் சீனியரும் இருப்பார் என்பது அவருக்குத் தெரியும். அவர் எதைத் தட்டுவார்? ஃபார்ம் யாரிடமிருந்து, எந்த வழியால் வருகிறது என்பதே பதிலைத் தீர்மானித்துவிடுகிறது. ஆகக் கஷ்டப்படுகிறவர் வகுப்புக்கே வரமாட்டார், குழுவைப் பார்க்கமாட்டார். உங்கள் 200 பேருக்குள் அவர் இருக்கமாட்டார்.

---

தாமிரபரணி · புதன், மாலை 5.40

எல்லோருக்கும் நன்றி. நல்லூர்வாசி ஐயா சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது. எங்கள் விடுதிக் குழுவில் துணை வார்டனும் இருக்கிறார்! அதில்தான் அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமூக ஊடகப் பக்கம் யாராவது சொல்லுங்கள். கெடுதல்தான் என்று ஒரு பக்கம், ஒன்றுமில்லை என்று ஒரு பக்கம். மகிழ்ச்சி குறைந்தவர்கள்தான் அதிகம் போன் பார்க்கிறார்கள் என்றும் சொல்லலாமே? என் 200 பேரை வைத்து அதைப் பிரிக்க முடியுமா?

---

புள்ளிக்காரன் · புதன், இரவு 9.50

முடியாது. ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பால் எது முன், எது பின் என்று சொல்ல முடியாது. வைவாவில் இதைக் கட்டாயம் கேட்பார்கள், நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்.

இதைப் பிரிக்க உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமாகச் செய்த ஆய்வு ஒன்று 2022-ல் அமெரிக்கன் எக்கனாமிக் ரிவ்யூவில் வந்தது. பிராகியேரி, லெவி, மகாரின் என்ற மூன்று பொருளியலாளர்கள். ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் ஹார்வர்டில் தொடங்கியது. அப்போது எல்லோரும் சேர முடியாது, கல்லூரி மின்னஞ்சல் முகவரி வேண்டும். அடுத்து கொலம்பியா, ஸ்டான்ஃபோர்ட், யேல் என்று கல்லூரி கல்லூரியாகத் திறந்துகொண்டே போனார்கள். 2006 செப்டம்பரில்தான் எல்லோருக்கும் திறந்தது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் சில கல்லூரிகளில் ஃபேஸ்புக் இருந்தது, சிலவற்றில் இல்லை.

அதே ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் உடல்நலக் கணக்கெடுப்பு ஒன்று வழக்கமாக நடந்துகொண்டிருந்தது. மனச்சோர்வு, பதற்றம், தூக்கம் பற்றி எல்லாம் கேட்பார்கள். ஃபேஸ்புக் ஆராய்ச்சி நடக்கப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது, அதனால் கேட்டவர்களுக்கும் சொன்னவர்களுக்கும் எந்த எதிர்பார்ப்பும் இல்லை. ஃபேஸ்புக் வந்த கல்லூரியில் வருவதற்கு முன்னும் பின்னும் என்ன மாற்றம், அதே காலத்தில் வராத கல்லூரியில் என்ன மாற்றம் என்று ஒப்பிட்டார்கள். வந்த இடத்தில் மனநலம் கொஞ்சம் மோசமானது. 0.085 திட்ட விலக்கம், அதாவது மாணவர்களின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகியிருக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வேலையை இழந்த ஒருவருக்கு மனநலம் எவ்வளவு கெடும் என்று மற்ற ஆய்வுகள் சொல்கின்றனவோ, அதில் ஏறக்குறைய 22 சதவீதம் என்று அவர்களே கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி இதற்குப் பிறகு வருகிறது. பாதிப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. கல்லூரி வளாகத்துக்கு வெளியே தங்கிப் படித்தவர்கள், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் ஆகியோருக்கு அதிகம். மற்றவர்களோடு ஒப்பிட்டுக்கொண்டு தான் மட்டும் குறைவு என்று நினைக்க வாய்ப்புள்ளவர்கள் இவர்கள் என்பது ஆசிரியர்களின் விளக்கம். வளாகத்தில் நடக்கும் கொண்டாட்டம் எல்லாம் படமாக வருகிறது, அதில் இவர் இல்லை.

---

கோவில்பட்டி கௌதம் · புதன், இரவு 10.14

0.085 எல்லாம் ஒரு அளவா? அதுவும் 2004 ஃபேஸ்புக்! அப்போது ஐபோனே கிடையாது. ரீல்ஸ் கிடையாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்த காலம். இன்றைக்கு அதை வைத்து என்ன சொல்ல முடியும்?

---

புள்ளிக்காரன் · புதன், இரவு 10.30

இன்றைக்கு அப்படியே பொருத்த முடியாது, சரி. அளவும் சின்னதுதான், ஆனால் அது ஃபேஸ்புக் பைத்தியமாக இருந்தவர்களுக்கு மட்டுமான அளவு இல்லை, கல்லூரி மொத்தத்துக்குமான சராசரி. அதில் கணக்கே தொடங்காதவரும் அடக்கம். நான் அதைக் காட்டியது எண்ணுக்காக இல்லை கௌதம். யார் வளாகத்துக்கு வெளியே என்று பிரித்துப் பார்த்தார்களே, அதற்காக. நம் ஊர்க் கல்லூரியில் விடுதி மாணவர், டே ஸ்காலர் பிரிவு கையிலேயே இருக்கிறது. காலை ஆறு மணி பஸ் பிடித்து வந்து மாலை ஏழுக்கு வீடு சேரும் பிள்ளையும், விடுதியில் இருக்கும் பிள்ளையும் ஒரே படத்தை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. தாமிரபரணி இதைச் சேர்த்தால் அந்த அலமாரியில் இல்லாத ப்ராஜெக்ட் ஆகிவிடும்.

---

சிவப்பிரகாசம் (ஓய்வு) · வியாழன், காலை 5.55

எல்லோரும் எண்களைச் சொல்கிறீர்கள். முப்பத்தைந்து வருஷம் கல்லூரியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இப்போதைய பிள்ளைகளுக்கு அடுத்தவர் கஷ்டம் உறைப்பதில்லை. இதையும் ஆராய்ச்சி செய்து அமெரிக்க மாணவர்களிடம் இரக்கம் 40 சதவீதம் குறைந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்தான். அதுதான் எல்லாவற்றுக்கும் வேர்.

---

மீனாட்சி நூலகம் · வியாழன், காலை 9.05

ஐயா, நீங்கள் சொல்வது சாரா கான்ராத் குழுவின் 2011 கட்டுரை. 1979 முதல் 2009 வரை நடந்த 72 ஆய்வுகளில் இருந்து 13,737 கல்லூரி மாணவர்களின் மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். குறைந்துகொண்டு வந்தது உண்மை, 2000-க்குப் பிறகு வேகமாக. ஆனால் அதே கான்ராத் பின்னால் 2018 வரையுள்ள தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 2008 வாக்கில் இருந்து இரக்கம் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. முதல் செய்தி உலகம் முழுக்கப் போனது, இரண்டாவது அவ்வளவு தூரம் போகவில்லை.

அப்புறம், அதுவும் மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே தட்டிய பதில்தான். "என்னைவிட வசதி குறைந்தவர்கள் மீது அக்கறை உண்டு" என்பது போன்ற வாக்கியங்கள். உங்கள் காலத்துப் பிள்ளைகள் இன்னும் நல்லவர்களாக இருந்தார்களா, நல்லவர்கள் என்று இன்னும் தாராளமாகச் சொல்லிக்கொண்டார்களா என்பதை இந்தத் தரவு பிரித்துக் காட்டாது.

---

சிவப்பிரகாசம் (ஓய்வு) · வியாழன், காலை 9.40

என் கண்ணால் பார்த்ததற்கு அளவுகோல் தேவையில்லை அம்மா. இருந்தாலும் அந்த இரண்டாவது செய்தி எனக்குத் தெரியாது.

---

வைகறை · வியாழன், பிற்பகல் 2.26

கல்லூரி ஒன்றில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். தாமிரபரணி, ஒரே ஒரு விஷயம், ஆனால் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

பலர் இப்படி ஆய்வு செய்யும்போது "மனச்சோர்வையும் சேர்த்து அளந்துவிடலாமே" என்று பிஎச்க்யூ-9 வினாப்பட்டியலை ஃபார்மில் ஒட்டிவிடுகிறார்கள். இலவசம், தமிழிலும் கிடைக்கிறது, 9 கேள்விதான். கடந்த 2 வாரங்களில் எப்படி இருந்தது என்று கேட்கும். அதன் ஒன்பதாவது கேள்வி, உயிரோடு இருப்பதைவிட இறந்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது. இரவு ஒரு மணிக்கு ஒரு மாணவி அதில் "ஏறக்குறைய தினமும்" என்று தட்டி அனுப்புகிறார். உங்கள் ஃபார்மில் பெயர் இல்லை, எண் இல்லை. அந்தப் பதில் எக்செல் ஷீட்டில் ஒரு 3 ஆகப் போய் உட்காருகிறது. மூன்று வாரம் கழித்து நீங்கள் திறந்து பார்க்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. யார் தினமும் பார்ப்பார்கள், யாரிடம் அனுப்புவார்கள், அடையாளம் எப்படிக் கிடைக்கும், அதற்கு அந்த மாணவி முன்பே சம்மதித்தாரா. இதெல்லாம் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவை. ஒன்பதாவது கேள்வி இல்லாத பிஎச்க்யூ-8 என்று ஒரு வடிவம் இருக்கிறது. உங்கள் தலைப்புக்கு அதுவும்கூடத் தேவையில்லை. வாழ்க்கை நிறைவோடு நில்லுங்கள். எந்த ஃபார்மாக இருந்தாலும் கடைசியில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 போடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இன்னொன்று, பிஎச்க்யூ-வில் 10-ம் அதற்கு மேலும் எடுத்தவர்களை எல்லாம் "மனச்சோர்வு நோய் உள்ளவர்கள்" என்று எழுதுகிறார்கள். அது நோய் அறிவிப்பு இல்லை, மேற்கொண்டு பேசிப் பார்க்க வேண்டியவர் என்று காட்டும் சல்லடை. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் 8 நாடுகளில் 19 கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்கள் 13,984 பேரிடம் எடுத்த ஆய்வு 2018-ல் வந்தது. 35 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குறைந்தது ஒரு மனநலக் கோளாறுக்கான அறிகுறிகள் இருந்தன என்றார்கள். அங்கேயும் மாணவர்கள் கணினியில் தாங்களே நிரப்பிய பதில்தான், மருத்துவர் உட்கார்ந்து சொன்னது இல்லை. அந்த 8 நாடுகளில் இந்தியா இல்லை.

நம் நாட்டில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,000-க்கும் மேல், பள்ளி மாணவர்களையும் சேர்த்து. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உயர்கல்வி மாணவர் மனநலத்துக்கென்று முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு பணிக்குழுவையே அமைத்தது. அதனால்தான் இந்த அலமாரி ப்ராஜெக்டுகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கேட்கிறார்கள், எண்ணுகிறார்கள், பைண்டிங் போடுகிறார்கள். கேட்கப்பட்ட பிள்ளைக்கு ஒரு பதிலும் போவதில்லை.

---

நல்லூர்வாசி · வியாழன், மாலை 4.10

வைகறை சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். இலங்கையில் இருந்து வாசிப்பவர்களுக்கு, இங்கே தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926.

---

கோவில்பட்டி கௌதம் · வியாழன், இரவு 8.33

சரி, எல்லாம் "செய்யாதே" என்றே போகிறது. நடத்தையை அளக்கச் சொன்னீர்களே, ஒரு மாணவியால் எதை அளக்க முடியும்? பேராசிரியர் கோரி மாதிரி மார்க்கில் விளையாட முடியாது.

---

மீனாட்சி நூலகம் · வியாழன், இரவு 9.15

கோரி செய்தது இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவிலும் தேறாது, அதை விடுங்கள். ஆனால் போனே கணக்கு வைத்திருக்கிறதே. ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று அமைப்புகளுக்குள் இருக்கும், ஐபோனில் ஸ்கிரீன் டைம். 2021-ல் பேரியும் மற்றவர்களும் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் பார்க்கிறேன் என்று ஆட்கள் சொல்வதற்கும் கருவி பதிவு செய்ததற்கும் ஒட்டுறவு 0.38 தான். அதாவது இந்தத் துறையில் "திரைநேரம்" என்று எழுதப்பட்டதில் நிறைய வெறும் ஊகம்.

தாமிரபரணி முதலில் ஊகத்தைக் கேட்கலாம்: போன வாரம் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம்? பிறகு போனைத் திறந்து பார்த்து எழுதச் சொல்லலாம். இரண்டும் கையில் இருந்தால், வாழ்க்கை நிறைவு எதோடு ஒட்டுகிறது என்று பார்க்கலாம். நிறைய பார்ப்பதோடா, நிறைய பார்க்கிறோம் என்று நினைப்பதோடா? இந்த ஒரு கேள்விக்காகவே நான் அந்த ப்ராஜெக்டை வாங்கிப் படிப்பேன்.

---

வைகறை · வியாழன், இரவு 9.32

நல்ல யோசனை. ஸ்கிரீன்ஷாட் மட்டும் கேட்க வேண்டாம். எந்த ஆப் எவ்வளவு நேரம் என்று எல்லாம் அதில் வரும், வெளியே தெரிய வேண்டாத ஆப்பும் இருக்கும். எண்ணை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

---

தாமிரபரணி · சனி, காலை 10.20

கைடிடம் பேசினேன். முதலில் "எதுக்கும்மா இவ்வளவு, 200 வந்தால் போதாதா" என்றார். கோரி கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார். பாதிக்குச் சம்மதம்.

வாட்ஸ்அப் வேண்டாம், வகுப்பில் தாளாகக் கொடுத்து மூடிய பெட்டியில் போடச் சொல்கிறேன். ஆசிரியர் யாரும் அறையில் இருக்க மாட்டார்கள். வாழ்க்கை நிறைவின் 5 கேள்விகள் முதலில். அப்புறம் திரைநேரம் பற்றிய ஊகம், அதன்பிறகு போனைப் பார்த்து எண். விடுதியா, டே ஸ்காலரா, வர எவ்வளவு நேரமாகிறது. சமூக ஊடக மனப்பான்மை அளவுகோலை எடுக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை, தலைப்பில் இருக்கிறதாம். அதைக் கடைசியில் வைத்துவிட்டேன். மனச்சோர்வுக் கேள்வி எதுவும் இல்லை. தாளின் அடியில் 14416.

வராத மாணவர்களை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. அந்த நாள் வகுப்பில் எத்தனை பேர் இல்லை என்று மட்டும் குறித்துக்கொண்டு ஆய்வேட்டில் எழுதப்போகிறேன். தாளில் செய்வதால் 200 கிடைக்காது, 100 கிடைத்தால் பெரிது. அது போதுமா?

---

புள்ளிக்காரன் · சனி, காலை 11.45

0.3 அளவு ஒட்டுறவை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க ஏறக்குறைய 85 பேர் போதும். 100 இருந்தால் மொத்தத்துக்குச் சரி. ஆனால் விடுதி, டே ஸ்காலர் என்று பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் 50 பேர்தான் மிஞ்சுவார்கள், அங்கே சின்ன வித்தியாசம் எதையும் பிடிக்க முடியாது. முடிந்தால் இன்னும் இரண்டு வகுப்புகளைச் சேருங்கள், முடியாவிட்டால் அந்த ஒப்பீட்டை முன்னோட்டம் என்றே எழுதுங்கள். திரைநேரத்தை மணி, நிமிடம் எனத் தனித்தனிக் கட்டமாக அச்சடியுங்கள். ஒரே கட்டமாக விட்டால் 5.30 என்று எழுதுவார்கள், அது ஐந்தரையா ஐந்து புள்ளி மூன்றா என்று பிறகு உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.